ஊர் திரும்புவது எப்போது? ஆசிரியர்களுக்கான ஓர் ஆலோசனைச் சேவை: காசு கொடுத்துப் பார்த்தவரின் விமர்சனம்

வெளிநாட்டில் ஆசிரியர் வேலை பார்ப்பவர்கள் எந்த வருடம் அதை விட்டு ஊர் திரும்பலாம் என்று முடிவெடுக்க உதவும் இணையவழிச் சேவை இது. வீடியோ அழைப்பில் நான்கு அமர்வுகள், ஓர் எக்செல் தாள், ஓர் ஆவணப் பட்டியல். நானும் என் கணவரும் சேர்ந்தே எடுத்தோம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். அந்த மூன்றரையில் இரண்டு, இரண்டாவது அமர்வுக்கு மட்டுமே. பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வேறு சேவை எடுக்க நினைப்பவர்களும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் நிலைமை: நான் சர்வதேசப் பள்ளி ஒன்றில் மேல் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். அவர் அதே பள்ளியில் நூலகர். மகள் அங்கேயே ஒன்பதாம் வகுப்பு. ஊழியர் பிள்ளை என்பதால் கட்டணம் கிடையாது. விசா, வீடு, மருத்துவக் காப்பீடு, மகளின் படிப்பு எல்லாமே ஒரே பள்ளியின் கையில் இருப்பதால், "போகலாமா?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கினாலே நான்கு பேச்சாகப் பிரிந்து, பிறகு யாராவது சாப்பிடக் கூப்பிட்டதும் முடிந்துவிடும். அதற்கு ஒரு வெளியாள் தேவைப்பட்டார்.

ஆலோசகர் பல நாடுகளில் துணை முதல்வராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். முதல் அமர்வில் "ஏன் திரும்ப நினைக்கிறீர்கள்?" என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: "அடுத்த வருடம் இருப்பீர்களா என்று உங்கள் பள்ளி எந்த மாதம் கேட்கும்?"

வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஆகஸ்டில் தொடங்கி ஜூனில் முடியும் பள்ளிகளில் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். புதிய ஆசிரியர்களை அவர்கள் குளிர்காலத்திலேயே தேடத் தொடங்குவதுதான் காரணம். ஆகவே ஜூனில் கிளம்ப நினைப்பவர் முந்தைய நவம்பரிலேயே முடிவெடுத்தாக வேண்டும். மார்ச்சில் மனது மாறினால் அது ஒப்பந்த முறிவு. பள்ளியைப் பொறுத்து திரும்பும் விமான டிக்கெட், கோடை மாதச் சம்பளம், எல்லாவற்றுக்கும் மேலாக முதல்வரின் நல்ல ரெஃபரன்ஸ் என ஏதாவது போகும். போகும் நாட்டின் கல்வியாண்டையும் பார்க்கச் சொன்னார். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வருடம் ஜனவரி கடைசியில்தான் தொடங்கும். ஜூனில் வேலையை விட்டால் நடுவில் அரை வருடம் சம்பளமில்லாமல் ஓடும், அதற்கும் சேர்த்துச் சேமித்திருக்க வேண்டும். உருப்படியான விஷயம்தான். ஆனால் இதற்கு ஒரு முழு அமர்வு தேவையில்லை, அரைமணி நேரத்தில் முடித்திருக்கலாம். மீதி நேரம் தன் அனுபவக் கதைகள் சொன்னார். கதைகள் நன்றாக இருந்தன, மறுக்கவில்லை.

இரண்டாவது அமர்வு இந்தச் சேவையின் உயிர். முதலில் மகளின் படிப்பை ஆண்டுவாரியாகக் கோடு போட்டார். ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஐஜிசிஎஸ்இ (பத்தின் முடிவில் எழுதும் சர்வதேசத் தேர்வு), பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து ஐபி டிப்ளமா (பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் சர்வதேசப் பள்ளிப் படிப்பு). இரண்டும் இரண்டு வருடப் படிப்புகள். டிப்ளமாவில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பள்ளியிலேயே செய்யும் மதிப்பீட்டு வேலை, அதற்கு மேல் 4000 வார்த்தை வரை போகும் நீண்ட கட்டுரை ஒன்று. நடுவில் பள்ளி மாறினால், அதே பாடங்களை அதே நிலையில் நடத்தும் இன்னொரு ஐபி பள்ளி ஊரில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பதினொன்றாம் வகுப்பை மறுபடி படிக்க வேண்டியதுதான். ஊரின் பாடத்திட்டமே வேறு என்றால் ஒன்பதின் முடிவில் மாறுவதும் அதே கதை. பத்தின் முடிவு, பன்னிரண்டின் முடிவு. இந்த இரண்டு வாசல்தான் எங்களுக்கு உண்டு. "அடுத்த ஜூன்" என்று நாங்கள் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்த தேதி அப்படியே பட்டியலை விட்டுப் போயிற்று. மகளும் அந்த அழைப்பில் கொஞ்ச நேரம் இருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "என் கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் மார்க் அங்கே செல்லுமா?" ஆலோசகர் சுற்றி வளைக்காமல் "செல்லாது" என்றார். இந்த நேர்மைக்காகவே ஒரு நட்சத்திரம்.

அடுத்து, வெளிநாட்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த அந்த வசனத்துக்கு வந்தார்: "இன்னும் ஒரு வருடம்." இருங்கள் என்றும் சொல்லவில்லை, கிளம்புங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்துக்குப் பெயர் வையுங்கள் என்றார். என் கணவர் "சேமிப்பு" என்றார். எவ்வளவு, எதற்கு என்று கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். "வீட்டுக் கடனின் கடைசித் தவணை", "மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு", "கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை) அடுத்த படிக்கு ஏறும் ஆண்டு" என்பவை பெயர்கள். "கொஞ்சம் கையில் சேரட்டும்" என்பதற்குப் பெயரும் கிடையாது, முடிவும் கிடையாது. பெயர் வைக்க முடியாத வருடத்தை எடுக்காதீர்கள் என்பது அவர் வைத்த விதி. இவ்வளவு எளிமையானதை நாங்களே யோசித்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் எங்கள் வீட்டில் இத்தனை வருடம் யாரும் யோசிக்கவில்லை.

கிராஜுவிட்டி பற்றி அவர் சொன்னதை வளைகுடாவில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். கணக்கு கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். வீட்டுப்படி, பயணப்படி சேராது. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கனவு காண்பவர்கள் ஒப்பந்தத்தில் 'அடிப்படை' என்று போட்டிருக்கும் வரியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்ட கணக்கு இன்னொன்று. கட்டணச் சலுகையும் சம்பளம்தான். மகள் பன்னிரண்டு முடித்துப் போன பிறகு நாங்கள் தங்கும் வருடத்தில் ஊதியச் சீட்டில் அதே எண் இருக்கும், ஆனால் அந்தச் சலுகை இருக்காது. அதாவது அதே வேலையை உண்மையில் குறைந்த வருமானத்துக்குச் செய்வோம். அதே வருடங்களில் ஊரில் ஓய்வூதியக் கணக்கு காலியாகவே இருக்கும். பல நாடுகளில் எத்தனை ஆண்டு பங்களிப்பு கட்டினோம் என்பதை வைத்துத்தான் பின்னாளில் கிடைக்கும் தொகை. வெளிநாட்டு அனுபவத்தை ஊரில் சம்பளப் படிநிலைக்கு முழுதாக எடுத்துக்கொள்வார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும், முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னார். வரி விஷயத்தையும் தொட்டுவிட்டுப் போனார்: பல நாடுகளில் வரி ஆண்டில் 183 நாள் அல்லது அதை ஒட்டிய ஓர் எண்ணிக்கைதான் எல்லை, திரும்பும் மாதத்தை வைத்து அந்த ஆண்டின் வரி நிலையே மாறலாம் என்று. ஆழமாகப் போகவில்லை. கணக்காளரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார், அதுவும் சரிதான்.

மூன்றாவது அமர்வு மனம் சம்பந்தப்பட்டது. இதை எடுத்தவர் வேறொருவர். திரையில் டபிள்யூ எழுத்து மாதிரி ஒரு கோடு வரைந்தார். 1955இல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து, புது நாட்டில் மனநிலை முதலில் இறங்கிப் பின் ஏறும் என்று யூ வடிவ வளைவைச் சொன்னார். 1963இல் கலஹார்ன் தம்பதி, ஊர் திரும்பும்போதும் அதே இறக்கம் இன்னொரு முறை வரும் என்று அதை நீட்டினார்கள். திரும்பிப் போனால் சொந்த ஊரே அந்நியமாகத் தெரியலாம் என்ற எச்சரிக்கை தேவையானதுதான். ஆனால் இவர் அந்தக் கோட்டில் மாதங்களைக் குறித்து, "நான்காவது மாதம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்" என்றபோது என்னால் தாங்க முடியவில்லை. பின்னாளில் வந்த ஆய்வுகள் இந்த வளைவுக்கு அவ்வளவு வலுவான ஆதாரம் தரவில்லை. ஆளுக்கு ஆள், குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிற விஷயம் இது. அச்சில் அளவுகூட இல்லாத வரைபடத்தை வைத்து மாதம் சொல்வதை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எக்செல் தாளும் இதே ரகம். சம்பளம், பிள்ளை படிப்பு, வயதான பெற்றோர், வேலைத் திருப்தி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று நாம் போட வேண்டும். பெருக்கிக் கூட்டி 'இரு' அல்லது 'கிளம்பு' என்று தாள் சொல்லும். எனக்கு 'இரு' என்று வந்தது. பெற்றோருக்கு 7 போட்டிருந்ததை 8 ஆக்கினேன், 'கிளம்பு' என்றது. ஓர் எண் மாறினால் கவிழ்ந்துவிடும் விடையை விடை என்று சொல்லக் கூடாது. இதைவிடப் பெரிய கோளாறு, மகளின் படிப்பைச் சம்பளத்தோடு கூட்டிக் கழிக்க விடுவது. அது மதிப்பெண் போடுகிற விஷயமல்ல, நிபந்தனை. நிபந்தனைகளை முதலில் வைத்து வடிகட்டி, மிச்சம் நிற்கிற தேதிகளுக்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டும். இரண்டாவது அமர்வில் ஆலோசகர் வாய்வழியாகச் செய்தது இதைத்தான், அவருடைய நிறுவனத்தின் தாளுக்கு மட்டும் அது தெரியவில்லை. இதைப் பின்னூட்டத்தில் எழுதினேன். நன்றி என்று ஒரு வரி வந்தது.

பெற்றோர் விஷயத்தை நான்காவது அமர்வில் முதல் ஆலோசகரிடமே மறுபடி எடுத்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு ஜூன், தேர்வுக்கு மே. என் அப்பாவின் உடம்புக்குத் தேதி கிடையாது. ஆலோசகர் இதற்கு ஆறுதல் சொல்ல வரவில்லை, அது எனக்குப் பிடித்தது. எந்த நிலை வந்தால் வருடத்தின் நடுவிலேயே கிளம்புவோம் என்பதை இப்போதே இரண்டு வரியில் எழுதி, கூடப்பிறந்தவர்களுக்கும் காட்டிவிடுங்கள் என்றார். ஒப்பந்தத்தில் குடும்ப அவசர விடுப்பு எத்தனை நாள், நடுவில் விலகினால் என்ன பிடித்தம் என்பதையும் அப்போதே படிக்கச் சொன்னார். எழுதினோம். அப்பாவுக்கு இரவில் ஆள் துணை தேவைப்படும் நிலை வந்தால் நான் போவேன், கணவரும் மகளும் ஒப்பந்தம் முடியும்வரை இருப்பார்கள். அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் உடனே போன் செய்து, பகலுக்கு நான் இருக்கிறேன் என்றான்.

ஆவணப் பட்டியல் நல்லது, ஆனால் பழசு. நல்லது ஏனென்றால், கிளம்பிய பிறகு வாங்கக் கஷ்டமானவற்றைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். காவல்துறைச் சான்றிதழ் அதில் முதலாவது. ஊரில் எந்தப் பள்ளியும் பிள்ளைகளோடு வேலை என்பதால் அதைக் கேட்கும், கைரேகை வேண்டியிருந்தால் வெளியிலிருந்து வாங்குவது பெரும் அலைச்சல். அடுத்தது ரெஃபரன்ஸ். சர்வதேசப் பள்ளிகளில் முதல்வர்களும் ஊர் மாறிக்கொண்டே இருப்பார்கள். நம்மை வகுப்பில் பார்த்தவர் இருக்கும்போதே பள்ளி முத்திரைத் தாளில் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். மகளின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சேவைச் சான்றிதழ் எல்லாம் உண்டு. பழசு ஏனென்றால், சீனாவுக்கும் கனடாவுக்கும் தூதரக அத்தாட்சி வேண்டும் என்று இன்னும் போட்டிருக்கிறார்கள். தூதரக அத்தாட்சிக்குப் பதில் ஒரே முத்திரையை ஏற்கச் சொல்லும் 1961ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே வழங்கும் சான்றிதழ்களுக்கு, உடன்படிக்கையில் இருக்கும் இன்னொரு நாட்டில் காட்ட, பொதுவாக ஓர் அப்போஸ்டில் முத்திரையே போதும். காசு வாங்கும் சேவை இதைத் திருத்தாமல் விட்டிருப்பது சோம்பேறித்தனம்.

எங்கள் முடிவு: மகளின் பத்தாம் வகுப்பு முடிகிற ஜூன். அடுத்த ஆண்டு நவம்பரில் படிவம் வரும்போது 'இல்லை' என்று போடுவோம். அதுவரையுள்ள வருடத்துக்குப் பெயர் இருக்கிறது, அதனால் வீட்டில் அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது.

பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் இரண்டாவது அமர்வில் பாதிதான் பொருந்தும், முழுப் பொட்டலம் வேண்டாம். திரும்பவே மனமில்லாமல், யாராவது 'இருங்கள்' என்று சொல்லட்டும் எனக் காத்திருப்பவர்களுக்கு அந்த எக்செல் தாள் பிடிக்கும். மற்றவர்கள் இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் தனியாகக் கேளுங்கள். தளத்தில் அப்படி விற்பதாகப் போடவில்லை, ஆனால் எங்களுக்குத் தெரிந்த இன்னொரு ஆசிரியர் கேட்டபோது கொடுத்தார்கள். செப்டம்பருக்குள் பதிவு செய்யுங்கள். அக்டோபரில் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால் ஆலோசகரின் நேரம் கிடைக்காது, மூன்றாவது அமர்வு எடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள்.