திருவொற்றியூர் ஊர் வரலாறு வகுப்பு: வரைபடம் ஜோர், பதிவேடு அதைவிட ஜோர், போட்டோ சுமார்

தேரடி பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் ஊர் வரலாறு வகுப்பைப் பற்றிச் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். கட்டணம் 600 ரூபாய், டீயும் சுண்டலும் சேர்த்து. ஹார்பர், ஆலை, கன்டெய்னர் லாரி என்றே வடசென்னையைப் பார்த்துப் பழகிய நமக்கு, மணலியும் சாத்தங்காடும் கத்திவாக்கமும் செங்கல்பட்டு ஜில்லா கிராமங்களாக இருந்த காலத்தைக் காகிதத்தில் தேடக் கற்றுத்தருகிறார்கள். நடத்துபவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கதை விடுவதில்லை, அதுவே பெரிய ஆறுதல்.

முதலில் வரைபடம். தேதி இல்லாத நகலைக் கையில் கொடுத்து, எந்தக் காலம் என்று நம்மையே கண்டுபிடிக்கச் சொல்கிறார். எண்ணூர் வரை போகிற கால்வாய் 1806-ல் திறந்தது, காக்ரேன் பெயரில் இருந்தது; பக்கிங்ஹாம் என்று பேர் மாறியது 1878-ல். பக்கிங்ஹாம் என்று இருந்தால் படம் அதற்குப் பிந்தியது, கூடூர் பக்கம் போகிற ரயில்பாதை இல்லையென்றால் 1899-க்கு முந்தியது, அவ்வளவுதான் கணக்கு. 1708-ல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூர், கத்திவாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு என நான்கு நம்ம பக்கம், மிச்சம் ஒன்று நுங்கம்பாக்கம். இன்றைக்கு அங்கே ஒரு சென்ட் என்ன விலை என்று யாரோ கேட்டார்கள், அறையே சிரித்தது.

ஆனால் காசுக்கு மேல் கிடைத்தது பதிவேடுகளில்தான். ஏ ரிஜிஸ்டர் என்பது ஒரு கிராமத்து நிலம் அத்தனைக்குமான அரசுப் பதிவேடு. அதில் பழைய புல எண் (சர்வே நம்பர்), நஞ்சையா புஞ்சையா, தரம், தீர்வை, கடைசியில் குறிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பட்டா வாங்கும்போது நாம் நம்ம பேரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். இவர் புறம்போக்கு வரிகளை மட்டும் வரிசையாகப் படிக்கச் சொல்கிறார். ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், சுடுகாடு. அதை எஃப்.எம்.பி. (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்) கோட்டோடு சேர்த்து, போனில் இன்றைய மேப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழைக்கு ஒரு தெருவில் மட்டும் ஏன் முழங்கால் தண்ணீர் என்பது தானாகத் தெரிகிறது. ஏ ரிஜிஸ்டர், எஃப்.எம்.பி. இரண்டையும் அரசு இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பழைய ஆவணம் தேடுகிறவர்களுக்கு அவர் சொன்ன இன்னொன்று: திருவொற்றியூர் அந்தக் காலத்தில் சைதாப்பேட்டை வட்டம், அங்கே தேடுங்கள்.

இன்னும் பின்னால் போக, கம்பெனி இன்ஜினியர் தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை எடுத்த செங்கல்பட்டு ஜாகீர் (நவாப் கம்பெனிக்குக் கொடுத்த நிலப்பகுதி) சர்வே இருக்கிறது. இரண்டாயிரம் கிராமம் வாக்கில். எந்த ஊரில் எத்தனை வீடு, தோப்பு எவ்வளவு, ஏரி எவ்வளவு, விளைச்சலில் தச்சனுக்கும் வண்ணானுக்கும் எவ்வளவு என்று கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதியது தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வரி வாங்கத்தான் இவ்வளவும் எழுதினார்கள், சரி, ஆனால் எந்தப் படமும் சொல்லாததை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

போட்டோ பகுதிதான் சொதப்பல். எல்லோரும் பார்த்த அதே மவுண்ட் ரோடு, ஹைகோர்ட், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலா படகு. கிராமத்தை அந்தக் காலத்தில் யார் படம் எடுத்தார்கள் என்று கேட்கலாம், நியாயம்தான். 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகச் சேர்ந்த லினேயஸ் டிரைப்பே மதுரை, தஞ்சாவூர் கோயில்கள் பக்கம்தான் கேமராவைத் திருப்பினார். அதற்காக ஒரு மணி நேரம் மவுண்ட் ரோடா? 1960-களில் அமெரிக்கா எடுத்து 1995-ல் ரகசியம் நீக்கிய, கொரோனா என்ற உளவு செயற்கைக்கோள்களின் படங்களைத் தேடும் வழியையாவது காட்டியிருக்கலாம். மணலியில் ஆலைகள் வருவதற்கு முன் வயல் எது, ஏரி எது என்று பார்க்க அது நல்ல வழி.

அப்புறம், நகல்களைச் சுருக்கி ஏ4-ல் எடுத்திருக்கிறார்கள், புல எண்ணைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஒரு ஃபேன்தான். இருந்தாலும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போகிறவர்கள் உங்கள் ஊரின் வருவாய் கிராமப் பெயரையும் புல எண்ணையும் எழுதி எடுத்துப் போங்கள், தெருப் பெயரைச் சொன்னால் சார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.