‘சுத்தக் கம்பளி’ என்ற லேபிளை நம்பிப் பின்னத் தொடங்காதீர்கள்

உதகையில் இருக்கும் அப்பாவுக்கு மார்கழி உறைபனிக்கு முன் ஒரு கம்பளிக் குல்லா பின்னிவிட வேண்டும் என்று நினைத்தேன். கடைகளில் தொங்கும் மெல்லிய குல்லா அல்ல. பெரிதாகப் பின்னி, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கி, கண்ணிகளே தெரியாதபடி தடித்த துணியாக இறுக்கும் ஃபெல்ட் குல்லா. அதைப் போட்டால் காதில் காற்று ஏறாது, சாரலும் சட்டென்று ஊறாது.

அதற்கு அசல் ஆட்டுக் கம்பளி வேண்டும். ஆட்டு ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் கசக்கலும் சேரும்போது இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் செதில்கள் மாட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது. அக்ரிலிக் என்ற செயற்கை இழையில் இந்தச் செதில் கிடையாது. நம் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான் என்பதால், இணையத்தில் ‘100 சதவீதம் மெரினோ கம்பளி’ (மெரினோ என்பது ஓர் ஆட்டினம்) என்று போட்டிருந்த ஒரு விற்பனையாளரைப் பிடித்தேன். வெந்நீரில் சுருங்குமா என்று எழுதியே கேட்டேன். ‘நன்றாகச் சுருங்கும் மேடம்’ என்று பதில் வந்தது. 50 கிராம் உருண்டை ஐந்து, 2,250 ரூபாய்.

8 மி.மீ. வட்ட ஊசியில் ஒன்பது இரவுகள் தளர்வாகப் பின்னினேன். அப்பாவின் தலைச்சுற்று 56 செ.மீ.; சுருங்குவதைக் கணக்கிட்டு 76 செ.மீ. வைத்தேன். குல்லா எதுவரை வந்திருக்கிறது என்று அவர் தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கெட்டில் போட்டு முக்கால் மணி நேரம் கசக்கினேன். கை சிவந்ததே தவிர ஒரு கண்ணிகூட மூடவில்லை. மறுநாள் வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் இரண்டு முறை ஓட்டினேன். வெளியே எடுத்தால், ஒவ்வொரு கண்ணியையும் எண்ணிவிடலாம் போல் அப்படியே நிற்கிறது. நூல் மட்டும் வாடிய கீரைபோலத் துவண்டுவிட்டது. அளந்து பார்த்தேன். 78 செ.மீ.!

மீதமிருந்த உருண்டையில் விரல் நீளம் வெட்டி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்தினேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை விலக்கினால் அணையும், கரி விரலில் பொடியாகும். இது உருகிச் சொட்டியது. ஆறியபின் நுனியில் கறுப்பு மணியாக இறுகி நின்றது. நகத்தால் அழுத்தியும் நொறுங்கவில்லை. செயற்கை இழைதான் இப்படி உருகும்.

விற்பனையாளரிடம் சொன்னேன். ‘லேபிளில் குளிர்ந்த நீர் என்றுதான் இருக்கிறது. வெந்நீரில் போட்டுக் கெடுத்தது நீங்கள். பின்னிய நூலுக்குப் பணம் தர முடியாது’ என்றார்கள். நன்றாகச் சுருங்கும் என்று சொன்ன அதே எண்ணிலிருந்துதான் இதுவும் வந்தது. இரண்டு நாளில் என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள்.

தயவுசெய்து முதலில் ஒரே ஓர் உருண்டை வாங்குங்கள். உள்ளங்கை அளவுக்குப் பின்னி, அளந்து குறித்துக்கொண்டு, வெந்நீரில் சோப்போடு கசக்கிப் பாருங்கள். கொளுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. ‘சூப்பர்வாஷ்’ என்றொரு கம்பளி இருக்கிறது. துவைத்தால் சுருங்காமலிருக்க, பெரும்பாலும் குளோரினால் செதிலை மழுக்கி மேலே பாலிமர் பூசிவிடுவார்கள். அதுவும் ஆட்டு ரோமம்தான், கருகினால் முடி நாற்றம்தான், ஆனால் எவ்வளவு கசக்கினாலும் இறுகாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரப் படம், உரையாடல், பில், லேபிள், பின்னாத ஓர் உருண்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். லேபிளை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். செயற்கை நூலைக் கம்பளி என்று விற்றதற்கு அதுதான் சாட்சி.

வேறோர் இடத்தில் ஓர் உருண்டை வாங்கி, நேற்று துண்டு பின்னிக் கசக்கினேன். 10 செ.மீ. துண்டு ஏழரை ஆகியிருக்கிறது, கண்ணிகள் மறைந்துவிட்டன. மீதி உருண்டைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மார்கழி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.