உயிலா, தான செட்டில்மென்டா: சிட்டா யார் பெயரில் இருப்பது?

அப்பாவுக்கு வயது 74. காங்கேயத்துக்குத் தெற்கே நான்கு ஏக்கர் தோட்டம். பாதி தென்னை, பாதி கொரங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம். அத்தனையும் அவரே கிரயம் வாங்கியது. எனக்கும் தம்பிக்கும் அதை எப்படி எழுதிவைப்பது என்று ஆறு மாதம் பேசினோம். தம்பி, இப்போதே எழுதிக் கொடுத்துவிடும் தான செட்டில்மென்ட் என்றான், நான் உயில் என்றேன். முடிவில் உயில்தான் எழுதினோம். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாரு, அதாவது தாத்தா, வழி வந்த பூமியாக இருந்தால் கதையே வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. அப்பா தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். ‘சீர் செய்து அனுப்பியாயிற்றே’ என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது.

செலவு ஊரறிந்தது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய கணக்கு இது. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை. பதிவும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் பதிந்துவிடுவது நல்லது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பணம் அல்ல, சிட்டா; பூமி யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு. செட்டில்மென்ட் பதிந்த அன்றே உரிமை கை மாறிவிடும். ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமையை அப்பா வைத்துக்கொள்ளலாம்தான்; ஆனாலும் பூமிக்கு உடையவர் அவர் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா அப்படித்தான் பெங்களூரில் இருக்கும் மகனுக்கு எழுதினார். பட்டாவும் மகன் பெயருக்கு மாறியது. மறு வருடம் சொட்டுநீர் மானியத்துக்குப் போனால் சிட்டா, பயிர் விவரம் காட்டும் அடங்கல், சிறு விவசாயி சான்று எல்லாம் மகன் பெயரில் வேண்டும். பயிர்க்கடனுக்கும் அதே கதை. மகன் நல்ல பையன்தான், கூப்பிட்டால் வருவான். ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவனுடைய லீவைப் பார்த்து மாமா காத்திருக்கிறார். அதைக் கண்ட அப்பா, “நான் இருக்கும்வரை கூட்டுறவு சங்கத்தில் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அம்மிணி” என்றார். அதற்கு மேல் தம்பியும் பேசவில்லை.

எழுதி வாங்கியவர் பெற்றோரைக் கவனிக்காமல் விட்டால், கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். வழி இருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளைமேல் மனுக் கொடுக்க எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் துணிவார்கள்?

செட்டில்மென்டின் பலமும் சிறியதல்ல. அப்பா காலத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். பிறகு யாரும் கேள்வி கேட்பது கடினம். உயிலோ அவர் காலத்துக்குப் பிறகுதான் உயிர்பெறும். தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அப்பா தன் வயதுக் கூட்டாளிகள் இருவரை அழைத்திருந்தார். பத்திர எழுத்தர் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இளவட்டமாக இரண்டு பேரைக் கொண்டு வாருங்கள்” என்றார். பங்கில் சம்பந்தமில்லாத, நாற்பது வயதுக்கு உட்பட்ட இருவர் கையெழுத்திட்டார்கள். ரேகை வைப்பதுதான் பெரும்பாடு. தேங்காய் உரித்துத் தேய்ந்த கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து நான்காவது முறைதான் பதிந்தது.

மூன்றாவது வழி, சொத்தைப் பொறுப்பாளர் கையில் ஒப்படைக்கும் டிரஸ்ட். அதை எங்கள் உறவில் யாரும் வைத்ததில்லை, எட்ட நின்று பார்த்துத்தான் சொல்கிறேன். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். இரண்டு பிள்ளைகளும் வேலையில் இருக்கும் வீட்டுக்கு வீண் கணக்கு வழக்கு என்றே எனக்குப் படுகிறது.

உயில் பதிந்த மூன்றாம் மாதம் ஒரு பிழை தெரிந்தது. பெரியப்பா வீட்டாரோடு பொதுவான கிணற்றில் எங்களுக்கு உள்ள பங்கையும் வண்டித்தடத்தையும் எழுதாமல் விட்டிருந்தோம். அப்பா யாரையும் கேட்காமல் பழையதை ரத்து செய்து புதிதாக ஓர் உயில் எழுதினார். செட்டில்மென்டாக இருந்திருந்தால் அதற்கும் தம்பியின் லீவுக்குக் காத்திருந்திருப்போம்.