பணம் கட்ட முடியாத மாதத்திலும் நிற்கும் தளம்: ஹோஸ்டிங் மாற்ற முன் ஒப்பிட்டுப் பார்த்தவை

கிளிநொச்சியில் நான் கமரா வேலை செய்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா, வைகாசி வந்தால் வற்றாப்பளைப் பொங்கல். எனக்கு வேலை தருபவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தங்கச்சிக்குக் கலியாணம் புதுக்குடியிருப்பில், செலவைப் பார்க்கிற அண்ணன் ரொறன்ரோவில். ஏ9 வீதியால் போகிறவர்கள் காணும் என் கடைப் பலகை அவருக்குத் தெரியாது. என் இணையத்தளத்தில் இருக்கும் 140 படங்களைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுக்கிறார்.

அந்தத் தளம் போன வருடம் ஒன்பது நாள் இல்லாமல் போனது. ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளைச் சேர்வர் என்ற கணினியில் வைத்து இணையத்தில் காட்டும் வாடகைச் சேவை. முதல் வருடம் மலிவாகத் தந்த வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று, புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு கேட்டது. என் வங்கி அட்டையில் அந்தக் கொடுப்பனவு போகவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் வந்ததோ அதே டொமைனில், அதாவது தளத்தின் இணையப் பெயரில், இருந்த மெயில் முகவரிக்கு. தளத்தோடு சேர்ந்து அதுவும் நின்றுவிட்டது. பாரிஸில் இருந்து ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் "தம்பி, தொழிலை விட்டிட்டீங்களோ?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

எத்தனை ஜிபி, எவ்வளவு வேகம் என்று ஒப்பிடும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. இடம் மாற்ற வெளிக்கிட்டபோது நான் வேறொரு கேள்வியில் தொடங்கினேன். ஒரு மாதம் பணம் கட்ட முடியாமல் போனால் தளத்துக்கு என்ன நடக்கும்? 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், இரண்டே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனது. 60 டொலர் ஹோஸ்டிங் பில் 12,000 ரூபாவில் இருந்து 21,600 ஆனது. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்த நேரத்தில் வெளிநாட்டுக்கு அட்டையில் பணம் அனுப்புவதே பெரும்பாடு. கலியாணக் காலத்தில் மட்டும் கை நிறையும் தொழில் என்னுடையது. என்னைப் போன்றவருக்கு வேகத்தை விட இந்தக் கேள்விதான் முதல்.

முதலில் டொலரில் கட்டும் வெளிநாட்டுப் பகிர்வு ஹோஸ்டிங், அதாவது ஒரே சேர்வரைப் பலர் பங்கிடுவது. விட்டுவந்தது அதையே என்பதால் நீட்டவில்லை. விளம்பரத்தில் காட்டும் விலையைப் பார்க்காமல், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். அதை நேராகச் சொல்லாத இடத்தில் கணக்குத் திறக்கத் தேவையில்லை.

இரண்டாவது, ரூபாவில் கட்டும் உள்ளூர் நிறுவனங்கள். இதைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. வங்கியில் காசைப் போட்டுவிட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. தொலைபேசியில் தமிழில் கதைக்கலாம். சீபெனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் முழுத் தளத்தையும் ஒரே கோப்பாக இறக்கி வைக்கலாம். டொமைன் பெயரிலேயே மெயில் பெட்டியும் கிடைக்கும். கடைக்கோ பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ தளம் செய்பவர்கள் இங்கேயே நிற்பது நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நாளைக்கு மாறலாம். அடுத்து வருகிறவருக்கும் சீபெனல் விளங்கும். இரண்டு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளூர் நிறுவனம் என்றாலும் சேர்வர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தோடு, 2019 இல் சீபெனல் தன் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி வாங்கத் தொடங்கியது. சின்ன நிறுவனங்கள் அந்தச் சுமையை வாடிக்கையாளரிடம்தான் இறக்க வேண்டும். ஆகவே ரூபா விலையும் அசையாத விலை இல்லை.

பெரிய சேர்வர் ஒன்றில் உங்களுக்கென்று ஒரு பங்கைப் பிரித்துத் தரும் விபிஎஸ் என்ற மெய்நிகர் சேர்வர் மூன்றாவது. டிஜிட்டல் ஓஷனில் ஆகச் சின்னது மாதம் 4 டொலர், 512 எம்பி நினைவகம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 14,400 ரூபா. சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் அவர்களுக்கு நிலையங்கள் இருப்பதால் எங்களுக்குப் பக்கம். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு, நகல் எடுப்பது, இரவு இரண்டு மணிக்கு விழுந்தால் எழுப்பி விடுவது, எல்லாம் உங்கள் தலையில். சேர்வர் நிர்வாகம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இது அருமையான பள்ளிக்கூடம். அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் என் மருமகனுக்கு இதைத்தான் சொன்னேன். முகூர்த்த நாளில் காலை நான்கு மணிக்கு மணப்பெண் வீட்டில் நிற்க வேண்டிய எனக்கு இது சரிவராது.

இழுத்து இழுத்து வைத்துத் தளம் கட்டும் விக்ஸ் போன்ற சேவைகளை ஒரே காரணத்துக்காக விட்டேன். அங்கே கட்டிய தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியாது. இது ஏன் எனக்குப் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். 2009 க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பி வந்த குடும்பங்களில் கலியாண ஆல்பம் மிஞ்சிய வீடு குறைவு. இன்றைக்கும் கடைக்கு வந்து, "அம்மாவின்ர படம் வேற இல்லை, இந்த அடையாள அட்டையில இருக்கிறதைப் பெருப்பிச்சுத் தருவீங்களோ?" என்று கேட்கிறார்கள். அந்தச் சின்னச் சதுரத்தைப் பல மணித்தியாலம் இருந்து திருத்திக் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாத இடத்தில் படத்தை வைக்க எனக்கு மனம் வராது.

மிஞ்சியவை இரண்டு, இரண்டும் இலவசம்: கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ். ஆயத்தமாக இருக்கும் பக்கங்களை அப்படியே காட்டும் சேவைகள் இவை. என் பழைய தளம் ஓடிய வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் இவற்றில் ஓடாது. அதற்கு வேண்டிய பிஎச்பி நிரல்மொழியும் தரவுத்தளமும் இல்லை. எச்டிஎம்எல் பக்கங்களும் படங்களும் மட்டும்தான். படத்தொகுப்புக்கு அதற்கு மேல் என்ன தேவை என்று யோசித்துப் பார்த்தேன். தொடர்புப் படிவம் ஒன்றுதான் இழப்பு. அதை நிரப்பியவர்கள் ஏற்கெனவே குறைவு, எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள். படிவம் இருந்த இடத்தில் வாட்ஸ்அப் பொத்தானை வைத்தேன்.

கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதப் போக்குவரத்து 100 ஜிபி என்பது கண்டிப்பில்லாத எல்லை. கமராவில் இருந்து வரும் 6 எம்பி படத்தை வெப்பீ வடிவத்தில் 300 கேபி அளவுக்குக் குறைத்தால், என் 140 படமும் 42 எம்பிக்குள் அடங்கும். ஒருவர் வந்து 8 எம்பி அளவுக்குப் பார்த்துவிட்டுப் போனாலும் மாதம் 12,500 பேரைத் தாங்கும். அளவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என்னைத் தடுத்தது வேறு. இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் தளத்தின் கோப்புகளை வைக்கும் களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அந்தக் களஞ்சியத்தை நடத்தும் கிட் என்பது, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும், பழையதை மறக்காத கருவி. சாமத்தியவீட்டுப் படம் ஒன்றை எடுத்துவிடச் சொல்லி ஒரு தாய் கேட்கிறார் என்று வையுங்கள். தளத்தில் அழித்தாலும் களஞ்சியத்தின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும், தேடத் தெரிந்தவர் எடுக்கலாம். வரலாற்றைத் திருத்தி எழுத வழி உண்டு, ஆனால் அது லேசான வேலை இல்லை. நிரல் எழுதுபவருக்கும் கட்டுரை எழுதுபவருக்கும் இது பிரச்சினையே இல்லை, அவர்களுக்குக் கிட்ஹப் பேஜஸையே சொல்வேன். மற்றவர்களின் பிள்ளைகளைப் படம் எடுக்கிறவருக்கு இது பொருந்தாது. அத்தோடு, இணைய வியாபாரம் நடத்துவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களின் விதி சொல்கிறது. வேலையைக் காட்டும் தளம் பரவாயில்லை, நாளைக்கு ஆல்பம் விற்கத் தொடங்கினால் நிலைமை வேறு.

கிளவுட்ஃபிளேர் பேஜஸில் களஞ்சியம் மூடியிருக்கலாம், அல்லது களஞ்சியமே இல்லாமல் கோப்புறையை நேராக ஏற்றலாம். போக்குவரத்துக்கு எல்லை இல்லை. ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் போகக் கூடாது, ஆகவே கலியாண வீடியோவை அங்கே வைக்க முடியாது; அதை யூடியூபில் ஏற்றிப் பக்கத்தில் பதித்தேன். இங்கேயும் ஒரு கவனம் வேண்டும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பழைய பதிப்பு தனி முகவரியில் நிற்கும். படத்தை எடுத்துவிடச் சொன்னால் பழைய பதிப்புகளையும் போய் அழிக்க வேண்டும். ஆனால் அது சில நிமிட வேலை.

மாரி காலத்தில் இங்கே இணையம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நான் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில்தான் படம் ஏற்றுகிறேன். கிட்டில் அனுப்பும்போது இணைப்பு இடையில் அறுந்தால், அந்த அனுப்பல் முதலில் இருந்து தொடங்கும். கிளவுட்ஃபிளேரின் கட்டளைக் கருவி கோப்புக் கோப்பாகப் பார்த்து, ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. கார்த்திகை மழையில் மூன்று முறை கரண்ட் போன ஒரு பின்னேரத்தில் இந்த வித்தியாசத்தை நேரில் கண்டேன்.

வேகத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. கொழும்பில் இருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலும் ஒரு தடவை போய்வர 140 மில்லிசெக்கன் வேண்டும், பக்கம் திறக்க முன்பே அப்படிப் பல தடவை போய்வர வேண்டும். ஆகவே ஒரே ஊரில் இருக்கும் சேர்வர், அது கொழும்போ கனடாவோ, என் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதிக்குத் தூரமாகத்தான் இருக்கும். கிளவுட்ஃபிளேருக்குக் கொழும்பு, ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் எல்லா இடத்திலும் நிலையம் இருக்கிறது. புதுக்குடியிருப்பில் இருக்கும் தங்கச்சியும் ரொறன்ரோ அண்ணனும் ஒரே நேரத்தில் பார்த்துக் கதைக்கலாம்.

சரி, அங்கேதான் போனேன். மாற்றும்போது நான் பட்டதில் இருந்து சிலதைச் சொல்கிறேன்.

பழைய வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தை இறக்கியபோது தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாக வந்தது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; கி போன்ற எழுத்தில் அப்படி இரண்டு குறி இருக்கும். பழைய தரவுத்தளம் தன்னை லத்தீன்-1 என்ற, ஒரு எழுத்துக்கு ஒரு பைட் வைக்கும் பழைய குறியாக்கம் என்று நினைத்துக்கொண்டு அந்த 3 பைட்டையும் மூன்று தனி எழுத்தாக வைத்திருந்தது. இறக்கும்போது லத்தீன்-1 என்றே சொல்லி இறக்கி, கிடைத்த கோப்பை யூடிஎஃப்-8 ஆகத் திறந்தவுடன் தமிழ் திரும்பி வந்தது. பழைய தளத்தை மூட முன் இதைக் கட்டாயம் பாருங்கள். மூடிய பிறகு கண்டால் திருத்த எதுவும் இருக்காது.

முன்னால் www இல்லாத வெறும் டொமைன் பெயரையே கிளவுட்ஃபிளேருக்குக் கொண்டுபோக, அந்தப் பெயரின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சேர்வரை மாற்ற வேண்டும். அந்தப் பழைய பதிவுகளைக் கிளவுட்ஃபிளேர் தானாகத் தேடி எடுக்கும், ஆனால் எல்லாம் அகப்படும் என்று நம்பக் கூடாது. மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். நான் மெயில் பெட்டியை விட்டுவிட்டு, அவர்களின் இலவச மெயில் வழிப்படுத்தலை ஜிமெயிலுக்குத் திருப்பினேன். பழைய பக்க முகவரிகளை வழிமாற்றுக் கோப்பில் எழுதி வைத்தேன். இந்த வசதி கிட்ஹப் பேஜஸில் இல்லை. வெளிநாட்டில் யாரோ எப்போதோ வைபரில் பகிர்ந்த பழைய இணைப்பும் இன்றைக்குத் திறக்கிறது.

டொமைனை மட்டும் ஹோஸ்டிங்கோடு சேர்த்து வாங்காதீர்கள். உங்கள் சொந்தப் பெயரில், சொந்த ஜிமெயிலில், தனியாக வாங்குங்கள். டொட் கொம் வருடத்துக்கு 10 முதல் 15 டொலர் வரும். அது காலாவதியாகி அழிக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்கு வாங்கும் கட்டணம் புதுப்பிப்பதை விடப் பல மடங்கு. என் வருடச் செலவு இப்போது இந்த டொமைன் ஒன்றுதான். பங்குனிக் கலியாணக் காசு கையில் இருக்கும்போதே மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

தளத்தின் முழு நகலும் மூலப் படங்களும் இரண்டு ஹார்ட்டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று கடையில். மற்றது வவுனியாவில் அக்கா வீட்டு அலுமாரியில். ஒவ்வொரு பொங்கலுக்கும் போகும்போது எடுத்துப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.