புதுக் கொண்டோவின் தரைக்குத் தேக்குப் பார்க்கேயா, போர்சலின் ஓடா?

யாங்கோனில் கொண்டோ எனப்படும் புது அடுக்குமாடி வீடுகள் பலவும் வெறும் சிமெண்டுத் தளத்தோடுதான் வாங்கியவர் கைக்கு வருகின்றன. அலமாரி, சமையல் மேடை, கதவு ஆகியவற்றின் அளவெல்லாம் தரையின் கனத்தைப் பொறுத்தே அமைவதால், எந்தத் தரை என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. அந்நகரின் தாம்வே பகுதியில் வாங்கிய வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் நாங்கள் தேக்குப் பார்க்கேயை, அதாவது சிறு தேக்குத் துண்டுகளைக் கோத்து ஒட்டும் மரத்தரையை, தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கமே சாயும்.

போர்சலின் ஓட்டின், அதாவது தரை டைலின், நன்மைகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விலை குறைவு, வேலை விரைவில் முடியும், தண்ணீருக்கு அஞ்ச வேண்டாம். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்று விசிறியும் ஓடாத மதியங்களில், அதன் குளிர்ச்சிக்கு மரம் ஈடாகாது. சமையலறை, குளியலறை, பால்கனி மூன்றுக்கும் ஓட்டைத் தவிர வேறெதையும் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. விளக்கெண்ணெயும் குங்குமமும் சிந்தும் பூசை மூலைக்கும் ஓடே பதித்தோம்.

மழைக்காலம் மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை நீளும் ஊரில் மரத்தரையா என்று உறவினர் பலர் கேட்டார்கள். மரம் காற்றின் ஈரத்தை உண்டு விரியும், வறட்சியில் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் தேக்கு பெரும்பாலான கடின மரங்களைவிடக் குறைவாகவே அசையும். அதன் வைரப்பகுதியில், அதாவது முற்றிய நடுமரத்தில், இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசை கரையானையும் பூஞ்சையையும் பெருமளவு தடுக்கும். வெளிறிய மேல்மரத்துக்கு அந்தக் காப்பு கிடையாது என்பதால், கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, வெண்பட்டை ஓடும் துண்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். அகலப் பலகையைவிடப் பார்க்கேயின் சிறு துண்டுகள் இந்த ஊருக்குப் பொருந்துவதற்கும் காரணம் உண்டு: ஒவ்வொரு துண்டும் அசையும் அளவு சிறிதாகையால் இடைவெளி கண்ணில் படுவதில்லை. பியின்காடோ, அதாவது தமிழ்நாட்டில் இருள் என்று வழங்கும் மரம், தேக்கைவிடக் கடினமானது. ஆனால் கனமும் அசைவும் அதிகம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் அன்று. பழுது வந்தால் என்ன செய்வது என்னும் ஒரே கேள்விதான். ஓட்டுப் பெட்டியின் மேல் மாதிரியின் பெயரோடு நிறச்சாயல் எண்ணும் அளவு எண்ணும் அச்சிட்டிருக்கும். ஒரே மாதிரியாக இருந்தாலும் அடுத்த சூளையில் வெந்த சரக்கின் நிறமும் அளவும் சற்றே மாறும். சில ஆண்டுகளில் அந்த மாதிரியே கடைக்கு வராமல் போகும். ஆகவே அம்மிக்குழவி விழுந்து ஓர் ஓடு உடைந்தால், கையிருப்பில் மிச்ச ஓடு இல்லாதவருக்கு அந்த இடம் ஒட்டுப்போட்ட சட்டைதான். மிச்சம் இருந்தாலும், உடைந்ததை உளியால் பெயர்க்கும்போது பக்கத்து ஓடுகளின் ஓரம் சிதறாமல் காப்பது கைதேர்ந்த கொத்தனாருக்கே கடினம். அடியில் கலவை நிறையாமல் பதித்த ஓடு தட்டினால் வெற்றொலி தரும், நாளடைவில் கழன்றும் போகும். நீளமான கூடத்தில் ஏறக்குறைய 7 மீட்டருக்கு ஓர் அசைவு இடைவெளியும் சுவரோரம் சிறு இடைவெளியும் விடாமல் நெருக்கிப் பதித்தால், வெப்பத்தில் விரியும் ஓடுகள் ஒன்றையொன்று முட்டி வரிசையாக மேலெழும். அப்படி எழுந்த தரையைப் பெயர்த்து மறுபடி பதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பார்க்கேயில் பழுது என்பது பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். 18 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டில், பக்கத்துத் துண்டோடு கோக்கும் நாக்குக்கு மேல் ஐந்தாறு மில்லிமீட்டர் மரம் இருக்கும். எந்திரத்தால் ஒருமுறை இழைத்தெடுப்பதற்கு ஒரு மில்லிமீட்டருக்குள்தான் செலவாகும். கீறலும் கறையும் நிறம் மங்கலும் அதோடு போய்விடும். அதன் மேல் புதிதாகப் பாலியூரித்தேன் என்னும் காப்புப் பூச்சைப் பூசினால் போதும். ஒரு துண்டு தண்ணீரில் ஊறிக் கெட்டால் அதை மட்டும் வெட்டியெடுத்து வேறொன்றை ஒட்டி, சுற்றிலும் சேர்த்து இழைத்துவிடலாம்; தேக்கு கிடைக்கும் ஊரில் துண்டுக்குப் பஞ்சமில்லை. இழைக்கும் நாட்களில் அறையைக் காலி செய்ய வேண்டும், தூசியும் பூச்சின் நெடியும் தாங்காது என்பதையும் மறைக்கக் கூடாது. எங்கள் தரை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. யாங்கோனின் பசுண்டாங் பகுதியில் என் மாமா வீட்டுத் தரை கறுத்துக் கிடந்து, இழைத்தபின் மீண்டதைப் பார்த்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

லாமினேட் பலகையைப் பற்றி ஒரு வரி போதும்: அதன் நடுவில் இருப்பது அழுத்திய மரநார், நீர் புகுந்தால் உப்பும், இழைக்கவும் முடியாது. கற்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. பலகை தண்ணீரைத் தாங்கும், ஆனால் தளம் சமமாக இல்லாவிட்டால் பலகைகளை இணைக்கும் விளிம்புக் கொக்கி முறியும். நான் அதில் வாழ்ந்து பார்த்ததில்லை. வாடகைக்கு விடும் வீட்டுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

பார்க்கே என்று முடிவு செய்தவர்கள் அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு. புதுக் கான்கிரீட் மாதத்துக்கு ஓர் அங்குல கனம் என்ற கணக்கில்தான் உலரும் என்பது பொதுவான வழக்கு. மழைக்காலத்தில் அதைவிடவும் தாமதமாகும். ஒன்றரை அடிச் சதுரமுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் நீர்த்துளி இருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும். கட்டுகளை அதே அறையில் சில நாள் பிரித்து வைத்த பிறகே ஒட்ட வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறண்ட மாதங்கள் தளத்துக்கு ஏற்றவை. ஆனால் அப்போது சுருங்கியிருக்கும் மரம் மழையில் விரியும் என்பதால், சுவரோரம் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு, சுவரின் அடியில் ஓட்டும் அடிப்பட்டையால் மறைத்துவிடுமாறு தச்சரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏ.சி.யின் வடிகுழாய் தரைக்கு மேல் சொட்டாத வழியில் போகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.