நெட் எட்டாத பள்ளியில் வரலாறு: எந்த ஏஐ வழி சரிப்படும்?

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எட்டாம் வகுப்பில் 1806 வேலூர்ப் புரட்சி நடத்த வேண்டும். இதற்கு ஏஐ எந்த வகையில் உதவும்?

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வகுப்பிலேயே சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ கேட்கும் வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்கள்.

அடுத்தது, லேப்டாப்பில் ஒல்லாமா என்ற மென்பொருளைப் போட்டு, நெட் இல்லாமலே ஓடும் சின்ன ஏஐ மாடலை இறக்கிவைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 செப்டம்பரில் வந்த மெட்டாவின் லாமா 3.2 மாடலின் அதிகாரப்பூர்வ மொழிப் பட்டியலில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. கூகுளின் ஜெம்மா 3 நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கையாளும் என்றாலும், அதன் சிறிய 1பி வடிவம் (பி என்பது பில்லியன், மாடலின் அளவு) ஆங்கிலத்துக்கானது. தமிழுக்கு 4பியாவது வேண்டும். ஏறத்தாழ 3 ஜிபி, பழைய லேப்டாப்பில் நத்தை வேகம். ஒரு தமிழ்ச் சொல்லையே பல துண்டுகளாக வெட்டித்தான் இவை படிக்கின்றன, அதனால் ஆங்கிலத்தைவிட இன்னும் மெதுவு.

வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன மாடலிடம் வேலூர்ப் புரட்சிக்குத் தலைமை தாங்கியது யார் என்று கேட்டேன். கட்டபொம்மன் என்றது! அவரைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799இல். பதில் பிழையில்லாத தமிழில் இருந்தது, அதுதான் வம்பு. தமிழ் தடுமாறியிருந்தால் பிள்ளைக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

பாடநூல் பகுதியைக் கொடுத்து, 'இதிலிருந்து மட்டும் சொல்' என்றால் தவறு வெகுவாகக் குறையும். அதிலும் ஒரு சிக்கல்: தமிழ் பிடிஎஃப் பலவற்றில் காப்பி செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதறிவிடும். டெசராக்ட் என்ற மென்பொருளை வைத்துப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்து, கண்ணால் ஒருமுறை திருத்த வேண்டும். பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால் நடக்கும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: சிக்னல் உள்ள இடத்தில், முந்தைய நாளே பெரிய மாடலை வைத்துப் பாடத்தைத் தயாரித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு மலையேறுவது. ஆனால் கட்டுரை எழுதச் சொல்லிக் கேட்டால் வீண். புதிய தலைப்பாகை, தாடிக்கும் சமயக் குறிக்கும் தடை, கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் என்று காரணங்களைத் தனித்தனிச் சீட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். எது முதன்மை என்று பிள்ளைகள் அடுக்கட்டும், சண்டை போடட்டும். பிறகு ஒரு கேள்வி: வெறும் தலைப்பாகைத் தகராறு என்றால், சென்னை கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் ஏன் திரும்ப அழைத்தது? இப்படிப்பட்ட கேள்விகளைப் பத்துப் பன்னிரண்டு கேட்டு வாங்கி, தேறியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சீட்டையும் பாடநூலோடு ஒத்துப் பார்ப்பது ஆசிரியர் வேலைதான். 'ஒரு சிப்பாயின் கடிதம்' என்று ஏஐ எழுதித் தந்தால் மேலே 'கற்பனை' என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் அது ஆவணமாகிவிடும்.

ஏஐயே இல்லாத போட்டியாளர் ஒருவரும் உண்டு: கிவிக்ஸ் என்ற மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு பென்டிரைவில் அடக்கி, நெட் இல்லாமலே படிக்கலாம். அதிலும் பிழை இருக்கும், ஆனால் அடிக்குறிப்பும் இருக்கும். வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் கையில் கொடுக்க லேப்டாப் மாடலைவிட இதையே நம்புவேன்.

அப்படியானால் லேப்டாப் மாடலுக்கு வேலையே இல்லையா? உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கிறது. ஆசிரியர் வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலப் படிப்பு நேரத்தில், திருத்திவைத்த பாடப் பகுதியிலிருந்து கேள்வி கேட்டுப் பழக அது போதும். விடையைச் சரிபார்க்கப் பாடநூலைப் பக்கத்திலேயே விரித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.