பாண்டா, போனஸா, டியூட்டி லிஸ்ட்டா?

நர்ஸுகள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க, எங்களுடையதைப் போன்ற 80 படுக்கை தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் யோசிக்கும். நர்சிங் சூப்பரின்டென்டென்டாக நான் டியூட்டி லிஸ்ட்டுக்காகத்தான் நிர்வாகத்திடம் வாதாடினேன்.

இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதி வாங்கி, ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது அநியாயம். விஷயம் வெளியே தெரிந்தால் நல்ல பெண்கள் இன்டர்வியூவுக்கே வர மாட்டார்கள்.

சம்பளம் கட்டாயம் உயர வேண்டும். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016இல் அமைந்த நிபுணர் குழு, 50 முதல் 100 படுக்கை உள்ள இடங்களில் அரசு நர்ஸின் சம்பளத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்றது. ஆனால் ஆண்டுக் கடைசியில் தரும் போனஸ் வேறு. அதை வாங்கும்வரை பொறுத்திருந்து, மறுமாதம் ராஜினாமா கொடுப்பவர்கள் உண்டு.

இப்போது டியூட்டி லிஸ்ட். இரவு 8 முதல் காலை 8 வரை நைட் டியூட்டி. ஹேண்ட்ஓவர் நோட்டை எழுதி முடித்துக் கிளம்பும்போது, "சிஸ்டர், ரிலீவர் லீவாம், ரெண்டு மணி வரைக்கும் பார்த்துக்கோங்க" என்பார்கள். 12 மணி நேரம் 18 ஆகிவிடும். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர் இதை எத்தனை மாதம் தாங்குவார்?

அதனால் மாதம் பிறக்கும் முன்பே லிஸ்ட்டை ஒட்டினோம். நைட் முடிந்ததும் வரும் ஆஃபில் கை வைப்பதில்லை. இது நடக்க, எந்த வார்டுக்கும் ஒதுக்காத கூடுதல் ஆட்கள் வேண்டும். நர்சிங் கவுன்சில் கணக்கே விடுப்புக்கென 30 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. "சும்மா உட்காரவா சம்பளம்?" என்று நிர்வாகம் கேட்டது. பழகிய சிஸ்டர் ஒருவர் போனால், புதியவர் குழந்தைக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடவும், அவசர டிரேயில் எது எங்கே என்று பார்க்காமல் எடுக்கவும் மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். அந்தச் செலவு சம்பளப் பதிவேட்டில் தெரிவதில்லை. இப்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

பெரிய ஐசியு உள்ள இடங்களில் இது எடுபடுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனை வேலைக்கான எம்ஆர்பி தேர்வில் தேறியவரையோ, வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் கிளம்புபவரையோ எந்த லிஸ்ட்டும் நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது. அவர்களுக்கு அனுபவச் சான்றிதழை அலைக்கழிக்காமல் கொடுத்துவிடுகிறோம். அப்படிப் போனவர்களே தங்கள் ஜூனியர்களை இங்கே அனுப்பியும் வைக்கிறார்கள்.